டெம்பரரியாக வந்த ஜஸ்டின்

எந்த ஆபீஸுக்குப் போனாலும் 'டெம்பரரி' என்று ஒருத்தர் இருப்பார். பர்மனென்ட் ஆசாமிகளுக்கு ஃபேனுக்கு நேர் கீழே சீட். இவருக்கு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் லிஸ்டில் இவர் பெயர் மட்டும் விட்டுப் போகும். ஆனால் மாசக் கடைசியில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுப்பது அவர்தான். முடித்ததும் 'ரொம்ப தாங்க்ஸ்ப்பா' என்று முதுகில் தட்டுவார்கள். 'சார், என் ஆர்டர் ரின்யூ ஆகுமா?' என்று கேட்டால் மட்டும் மானேஜருக்குத் திடீரென்று போன் வந்துவிடும்.

இதே உத்தியோகத்தை ஐம்பதாயிரம் பேர் பார்க்க, டி.வி. வெளிச்சத்தில், அரை டிராயர் போட்டுக்கொண்டு செய்தால் எப்படி இருக்கும்? அதற்குப் பெயர் 'இம்போர்ட்'. வெளிநாட்டு லீகில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடப் போகிறவர். உலகத்தில் பல தேசங்களில் இந்த வேலை காலி இருக்கிறது. அதில் ரொம்பக் கஷ்டமானது, ரொம்பக் கௌரவமானது, இரண்டுமே பிலிப்பைன்ஸில்தான்.

பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் கூடைப்பந்து விளையாட்டு இல்லை, வியாதி. அந்த நாட்டை ஆண்ட அமெரிக்கர்கள் கொண்டு வந்து இறக்கியது. ஆண்டவர்கள் 1946-ல் கிளம்பிப் போய்விட்டார்கள், பந்து போகவில்லை. தெருமுனையில், சர்ச் வாசலில், தென்னை மரத்தில்கூட ஒரு வளையம் அடித்து வைத்திருப்பார்கள். 1954 உலகப் போட்டியில் மூன்றாவது இடம் வந்த நாடு. ஆசியாவின் முதல் புரொஃபஷனல் கூடைப்பந்து லீக் அங்கேதான் 1975-ல் ஆரம்பித்தது. பெயர் பி.பி.ஏ.

இந்த லீகில் டீம்களுக்கு ஊர்ப் பெயர் கிடையாது. எல்லாம் கம்பெனிப் பெயர்தான். ஒரு டீம் ஜின் விற்கிறது. இன்னொன்று வீட்டுக்கு வீடு கரண்ட் சப்ளை செய்கிறது. ஒன்று பெயின்ட், ஒன்று டோல் ரோடு. அலாஸ்கா என்று ஒரு பால் டீம் 2022 வரை இருந்தது. 1992-ல் ஒரு டீம் பெயரிலேயே ஹாட் டாக் இருந்தது. கடைசி நிமிஷத்தில் கரண்ட்டை ஜின் தோற்கடித்தது என்று அங்கே ஒருவர் சொன்னால், அவர் மப்பில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

பிலிப்பைன்ஸ் ஜனங்கள் ஆர்வத்தில் உயர்ந்தவர்கள். உயரத்தில் நம்மைப் போலத்தான். ஆகவே வருஷத்தில் சில போட்டிகளுக்கு டீமுக்கு ஒரு வெளிநாட்டு ஆளை அமர்த்திக்கொள்ளலாம் என்று விதி வைத்தார்கள். சில காலம் இரண்டு பேர்கூட. உள்நாட்டவர் மட்டுமே ஆடுகிற பிலிப்பைன் கோப்பையில் மட்டும் அவருக்கு வேலை கிடையாது.

அந்த ஆளுக்கும் உயர வரம்பு உண்டு. 2016 கவர்னர்ஸ் கோப்பையில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் இருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். போலீஸ் செலக்‌ஷனில் பையன்கள் மூச்சைப் பிடித்துக் குதிகாலை எக்குவார்களே, அதற்கு நேர் தலைகீழ். டேப் வைக்கும்போது அரை அங்குலம் குறைந்தால் தேவலை என்று வேண்டிக்கொள்ள வேண்டும். கூடிப் போனால் சோறு போச்சு.

வேலை என்ன? விமானத்திலிருந்து இறங்கியதும் ஆட்டம். பாஷை தெரியாது. பந்து போடுகிறவன் பெயர் தெரியாது. முப்பது நாற்பது பாயின்ட் எடுக்க வேண்டும். எதிர் டீமின் இம்போர்ட்டை மடக்க வேண்டும். விழுகிற பந்தையெல்லாம் பொறுக்க வேண்டும். ஜெயித்தால், டீம் ஜெயித்தது. தோற்றால், இம்போர்ட் சரியில்லை! அடுத்தடுத்துத் தோற்றால் நிர்வாகம் அமெரிக்காவில் இன்னொருவருக்கு டிக்கெட் போட்டுவிடும். அவர் வந்து கேலரியில் உட்கார்ந்து பார்க்க, இவர் ஆட வேண்டிய கூத்தும் உண்டு. நம் சீட்டில் நாளைக்கு உட்காரப் போகிறவர் இன்றைக்கே எதிரில் உட்கார்ந்து டீ குடித்தால் யாருக்கு சார் கை ஓடும்?

இந்த நெருப்பில் சிலர் என்னவெல்லாமோ செய்திருக்கிறார்கள். டோனி ஹாரிஸ் என்பவர், மேலே சொன்ன ஹாட் டாக் டீமுக்காக, 1992-ல் இலோய்லோ நகரத்தில் நடந்த ஒரே ஆட்டத்தில் 105 பாயின்ட் எடுத்தார். டீம் இல்லை, தனி ஆள். இன்றுவரை பி.பி.ஏ.வில் அந்தப் பக்கம் யாரும் போனதில்லை.

* * *

இரண்டு பழைய இம்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் லட்சணம் புரியும்.

முதலாமவர் பில்லி ரே பேட்ஸ். மிசிசிப்பி மாநிலத்துக் குத்தகை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1980-ல் என்.பி.ஏ.வின் போர்ட்லண்ட் டீம் அவரைப் பத்து நாள் கான்ட்ராக்டில் எடுத்தது. பத்தே நாள்! நம் ஊர் கல்யாணத்துக்குக்கூட அதைவிட அதிக நாள் ஆள் வைப்பார்கள். அந்தப் பத்து நாளில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பிளே-ஆஃப் ஆட்டங்களில் சராசரி 26 பாயின்ட்டுக்கு மேல் எடுத்தார். ஆனால் ராத்திரிகளில் பாட்டில் ஜெயித்தது. என்.பி.ஏ. கதவு மூடியது.

1983-ல் மணிலாவுக்கு வந்தார். கிறிஸ்பா என்ற டி-ஷர்ட் கம்பெனி டீம். அந்த வருஷம் கிறிஸ்பா மூன்று கோப்பைகளையும் அள்ளியது. ஜனங்கள் அவருக்கு 'பிளாக் சூப்பர்மேன்' என்று பட்டம் கொடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். 1986-ல் ஜினெப்ரா டீமுக்கு முதல் கோப்பை வந்ததும் அவர் ஆடித்தான். ஆட்டம் முடிந்தால் விருந்து, விருந்து முடிந்தால் விடியல். இம்போர்ட்டுக்கு வீடு கிடையாது, ஓட்டல் அறைதான். அங்கே 'போதும்டா' என்று சொல்ல யாரும் இல்லை. ஊர் திரும்பியவர் 1998-ல் நியூஜெர்சியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கொள்ளையடித்துச் சிறைக்குப் போனார். அத்தோடு அமெரிக்கா அவரை மறந்துவிட்டது. மணிலா மறக்கவில்லை. 2011-ல் கூப்பிட்டு பி.பி.ஏ.வின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது.

இரண்டாமவர் நார்மன் பிளாக். பால்டிமோர்க்காரர். என்.பி.ஏ.வில் மொத்தமே மூன்று ஆட்டம். 1981-ல் பிலிப்பைன்ஸுக்கு வந்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் சோம்பல் இல்லாமல் உழைத்ததால் 'மிஸ்டர் நூறு சதவீதம்' என்று பெயர் வந்தது. பேட்ஸ் ராத்திரிகளைச் செலவழித்தார். பிளாக் அதைச் சேமித்தார். மற்ற டீம்களைக் கவனித்தார், கற்றுக்கொண்டார், கோச் ஆனார். 1989-ல் அவர் பயிற்சி கொடுத்த சான் மிகுவல் ஒரே சீசனில் மூன்று கோப்பைகளையும் ஜெயித்தது. டெம்பரரியாக வந்தவர் மேனேஜர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார் என்றால் பாருங்களேன்.

இருவருமே திறமைசாலிகள். பந்து போடுவதில் பேட்ஸ்தான் உசத்தி என்றுகூடச் சொல்வேன். ஒருத்தர் ஊரைத் தன் ஆட்டத்தால் மயக்கினார். இன்னொருத்தர் ஊரோடு சேர்ந்து வேலை பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

* * *

இப்போது நம்ம ஆளுக்கு வருகிறேன். பெயர் ஜஸ்டின் பிரவுன்லீ. 1988-ல் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து ஆடினார். 2011 என்.பி.ஏ. டிராஃப்டில் 60 பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவர் பெயர் வரவில்லை. அடுத்து டி-லீக். என்.பி.ஏ.வுக்குப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பையன்களின் பஸ் ஸ்டாண்ட் அது. பஸ் வரவே இல்லை. வயசு 28 ஆகிவிட்டது.

2016-ல் ஜினெப்ரா டீமின் இம்போர்ட் பால் ஹாரிஸுக்குக் காயம். அவசரமாக ஒரு மாற்று ஆள் தேவை. பிரவுன்லீயைக் கூப்பிட்டார்கள். டெம்பரரிக்கு டெம்பரரி! லீவ் வேகன்ஸிக்கு வந்தவருக்கு லீவ் வேகன்ஸி.

ஜினெப்ராவைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். எழுதுவதுதான் ஜினெப்ரா, மணிலாக்காரர் வாயில் அது 'ஹினேப்ரா'. நாட்டிலேயே அதிக ரசிகர்கள் உள்ள டீம். ஆட்டோ ஓட்டுகிற மாதிரி அங்கே ஜீப்னி ஓட்டுகிறவர், மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா, எல்லோரும் கட்சி. 2008-க்குப் பிறகு எட்டு வருஷமாகக் கோப்பை இல்லை. எட்டு வருஷம் என்றால், கோப்பையைப் பார்த்தே இராத பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டான்.

2016 அக்டோபர் 19. ஆரனேட்டா கொலீசியம். முகமது அலியும் ஜோ ஃப்ரேஸியரும் 1975-ல் மோதிக்கொண்டார்களே, அதே அரங்கம். ஃபைனலின் ஆறாவது ஆட்டம். எதிரே கரண்ட் கம்பெனி மெரால்கோ. ஸ்கோர் 88-88. மிச்சம் சில விநாடி. பந்து பிரவுன்லீ கையில். மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே எழும்பினார், விட்டார். சங்கு ஊதியது. பந்து இறங்கியது. 91-88.

அன்றைக்கு மணிலாவில் எத்தனை பேர் அழுதார்கள் என்று கணக்கில்லை.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அந்தப் பந்து விழுந்தபோது மெரால்கோ கோச் சீட்டில் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தவர் யார் தெரியுமா? மிஸ்டர் நூறு சதவீதம் நார்மன் பிளாக். 35 வருஷத்துக்கு முன்னால் டெம்பரரியாக வந்தவரை, அந்த வருஷம் டெம்பரரியாக வந்தவர் கவிழ்த்தார்.

அடுத்த வருஷம் மறுபடி அதே இரண்டு டீம். ஏழாவது ஆட்டத்தை பிலிப்பைன் அரீனாவில் பார்த்தவர்கள் 54,086 பேர். மறுபடி ஜினெப்ரா. 2016-லிருந்து 2023 ஜனவரிக்குள் பிரவுன்லீயோடு ஜினெப்ரா ஜெயித்த கோப்பைகள் ஆறு. மெரால்கோ அதில் நாலு ஃபைனல்களில் தோற்றது. அந்த கம்பெனிக்கு ஷாக் அடித்தது அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் விருது விஷயம் பாருங்கள். மெரால்கோவின் இம்போர்ட் ஆலன் டர்ஹம். 2016, 2017, 2019 கவர்னர்ஸ் கோப்பைகளில் 'சிறந்த இம்போர்ட்' பரிசு அவருக்குத்தான். மூன்று முறையும் ஃபைனலில் ஜெயித்தது பிரவுன்லீ. ஒருத்தருக்கு சர்ட்டிபிகேட், ஒருத்தருக்குக் கோப்பை. டர்ஹமைக் குறை சொல்லவில்லை, நிஜமாகவே அசுரன். பிற்பாடு ஜப்பானுக்குப் போய் அங்கே ஒரு சாம்பியன் டீமில் ஆடினார்.

அப்புறம் ஏன் பிரவுன்லீ? இதற்கு நான் கண்ட பதில் சின்னது. சாதாரண இம்போர்ட் பந்தைக் கேட்பார். பிரவுன்லீ கொடுப்பார். எதிராளிகள் இரண்டு மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொள்ளும்போது சும்மா நிற்கிற உள்ளூர்ப் பையன் கைக்குப் பந்து போய்விடும். அவன் போடுவான், கைதட்டல் அவனுக்கு. கடைசி நிமிஷத்தில் வேறு யாராலும் முடியாதபோது மட்டும், 'சரி, குடு' என்கிற மாதிரி இவர் போடுவார். அவருடைய கோச் டிம் கோன், பொடியனாக இருந்தபோதே மணிலாவுக்கு வந்து வளர்ந்த அமெரிக்கர். வெளியாள் எப்படி உள்ளாள் ஆகிறான் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் பிரவுன்லீயையே திரும்பக் கூப்பிட்டார்.

நம் ஆபீஸிலும் இரண்டு ரகம் உண்டே. ஒருத்தர் லீவு போட்டால் செக்‌ஷனே ஸ்தம்பிக்கும். அதில் அவருக்குப் பெருமை. இன்னொருத்தர் இருக்கும்போது பக்கத்து சீட் மக்குகூட ஃபைலை ஒழுங்காக முடிப்பான். ஏன் என்று யாருக்கும் புரியாது. இரண்டாமவர் டிரான்ஸ்பரில் போன பிறகுதான் புரியும்.

* * *

2023 ஜனவரியில் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, ஹாங்காங்கைச் சேர்ந்த பே ஏரியா டிராகன்ஸை ஏழாவது ஆட்டத்தில் ஜினெப்ரா ஜெயித்தது. அரங்கில் 54,589 பேர், பிரவுன்லீ 34 பாயின்ட். இரண்டாவது, பிலிப்பைன்ஸ் பார்லிமென்ட்டின் இரண்டு சபைகளிலும் பாஸான ஒரு சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு ஆளுக்காகச் சட்டம். ஜஸ்டின் பிரவுன்லீ இனி பிலிப்பைன்ஸ் குடிமகன். நமக்கெல்லாம் ரேஷன் கார்டில் இனிஷியல் திருத்தவே மூன்று முறை நடக்க வேண்டியிருக்கிறது.

காரணம் வெறும் பாசம் மட்டும் இல்லை. தேசிய அணியில் இப்படிக் குடியுரிமை கொடுத்துச் சேர்த்த ஆள் ஒருவர் ஆடலாம் என்பது சர்வதேச விதி. அந்த ஒரு இடத்துக்கு நாடு இவரை நம்பியது.

நம்பியது வீண் போகவில்லை. அதே வருஷம் அக்டோபர், சீனாவின் ஹாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டு. அரையிறுதியில் எதிரே சீனா, சொந்த மண், சொந்தக் கூட்டம். பிலிப்பைன்ஸ் ஒரு கட்டத்தில் 20 பாயின்ட் பின்தங்கியது. டி.வி.யை அணைத்தவர்கள் பாவம். கடைசி நிமிஷத்தில் பிரவுன்லீ இரண்டு மூன்று-பாயின்ட் போட்டார். 77-76! ஃபைனலில் ஜோர்டானை 70-60 என்று ஜெயித்து, 1962-க்குப் பிறகு, 61 வருஷம் கழித்துத் தங்கம்.

கதை இங்கே முடிந்தால் சினிமா. வாழ்க்கை இன்டர்வெல்லுக்குப் பிறகும் ஓடுகிறது. தங்கம் வாங்கிய அடுத்த வாரமே செய்தி வந்தது: பிரவுன்லீயின் மருந்துப் பரிசோதனையில் கஞ்சா சம்பந்தப்பட்ட பொருள். சர்வதேச சம்மேளனம் மூன்று மாசம் தடை போட்டது. அணியின் தங்கம் தப்பியது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஊர் முக்கியமாகப் படுகிறது. சாதாரண இம்போர்ட் என்றால் அன்று ராத்திரியே பெட்டி கட்டியிருப்பார்; பெயர்கூட மறந்திருக்கும். இவர் விஷயத்தில் ஊர் கோபித்துக்கொண்டு, வருத்தப்பட்டு, காத்திருந்தது. தப்பு பண்ணினால் வேலையை விட்டுத் தூக்குவது வாடகை ஆளை. வீட்டுப் பிள்ளையைத் திட்டிவிட்டுச் சாப்பாடு போடுவார்கள். தடை முடிந்து திரும்பி வந்தார். 2024 ஜூலையில் ரிகா நகரில், லாட்வியாவை அவர்கள் மண்ணிலேயே 89-80 என்று பிலிப்பைன்ஸ் ஜெயித்தபோது பிரவுன்லீ 26 பாயின்ட். ஐரோப்பிய அணி ஒன்றைப் பெரிய சர்வதேசப் போட்டியில் அந்த நாடு ஜெயித்து 64 வருஷம் ஆகியிருந்தது.

எல்லாம் சரி, பர்மனென்ட் ஆகிவிட்டாரா என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை. பாஸ்போர்ட்டில் பிலிப்பைன்ஸ். தேசிய அணியில் பிலிப்பைன்ஸ். ஆனால் பி.பி.ஏ. லீகில் 2024-25 சீசனிலும் அவர் இம்போர்ட்டாகத்தான் ஆடினார். உள்நாட்டவர் மட்டும் ஆடுகிற பிலிப்பைன் கோப்பையில் இடம் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் ஏறிவிட்டது, மஸ்டர் ரோலில் இன்னும் டெம்பரரி! அந்த சீசனில் இரண்டு ஃபைனல்களில் ஜினெப்ரா தோற்கவும் செய்தது. மறுபடி கூப்பிட்டார்களா என்றால், கூப்பிட்டார்கள். ரசிகர்கள் வேறு பெயரைக் கேட்கவே இல்லை.

விதிகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். உள்ளூர்ப் பையன்களுக்கு இடம் வேண்டாமா? பணம் இருக்கிற டீமெல்லாம் அமெரிக்காவிலிருந்து ஆள் பிடித்து, சட்டம் போட்டு உள்ளூர்க்காரர் ஆக்கிவிட்டால், 5 அடி 9 அங்குலத்தில் தென்னை மர வளையத்தில் பழகிய பையன் எங்கே போவான்? ரெஜிஸ்டர் தன் வேலையைச் செய்கிறது. ஜனங்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் கட்டாயம் இல்லை.

கடைசியாக ஒரு குடும்பக் கதை. பாபி பார்க்ஸ் என்று ஓர் இம்போர்ட். 1984-ல் என்.பி.ஏ. டீம் ஒன்று அவரை டிராஃப்ட் பண்ணியது. ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. பிலிப்பைன்ஸுக்கு வந்து ஏழு முறை 'சிறந்த இம்போர்ட்' விருது வாங்கினார். 2013-ல் அவர் இறந்தார். இப்போது அந்த விருதுக்கே அவர் பெயர்தான். ஒரு நாட்டில் தலைசிறந்த வெளியாளுக்குக் கொடுக்கிற பரிசுக்கு ஒரு வெளியாளின் பெயர்!

அவருடைய மகன் ரே பார்க்ஸ் ஜூனியர் பி.பி.ஏ.வில் ஆடினார். அப்பா ஆடிய லீகிலேயே, ஆனால் இம்போர்ட் இல்லை, உள்ளூர்ப் பையனாக. பிறகு 2021-ல் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே லீகில் ஆசிய நாட்டுக்காரர் ஒருவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகோயா போய் இறங்கினார். பாஷை தெரியாது. பந்து போடுகிறவன் பெயர் தெரியாது.

அப்பா இருந்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பார்.